கிறிஸ்தவத்துக்குள் கிரேக்கம் எப்போது நுழைந்தது?

நீங்கள் கேட்டது இது: இயேசு என்று ஒருவர் வாழ்ந்ததற்கே சான்று கிடையாது, கிரேக்கம் படித்த பவுல் பிளேட்டோவின் தத்துவத்தையும் மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டையும் கலந்து ஒரு மதத்தை உருவாக்கினார், நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதற்கு முத்திரை குத்தினார் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள், இதில் எவ்வளவு உண்மை? உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அப்படி ஒரு மனிதர் இருந்தாரா என்பது ஒன்று. அவரைப் பற்றிய நம்பிக்கை எந்த மண்ணில் முளைத்தது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில்தான் அந்தக் காணொளி வரிசையைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறது. ரோமப் பேரரசின் வரலாற்றைப் பல வருடங்கள் கற்பித்தவன் நான். கிரேக்க, லத்தீன் மூலங்களை நேரடியாகப் படிப்பேன்; எபிரேயத்துக்கும் அரமேயத்துக்கும் அத்துறை அறிஞர்களையே நம்பியிருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

கிறிஸ்தவத்தின் ஆகப் பழைய எழுத்துகள், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நற்செய்தி நூல்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், இயேசுவுக்குப் பின் அந்த நம்பிக்கையைப் பரப்பிய பவுலின் கடிதங்கள்தான் முந்தியவை. அவர் பெயரில் 13 கடிதங்கள் உண்டு. ரோமர், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாவது, பிலேமோன் ஆகிய ஏழும் அவர் கையிலிருந்தே வந்தவை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை கிடையாது. இவை ஏறக்குறைய கி.பி. 50க்கும் 60க்கும் இடைப்பட்டவை. இந்தக் காலக்கணக்கு வெறும் ஊகமில்லை. பவுல் கொரிந்துவில் இருந்தபோது கல்லியோன் அங்கே ஆளுநராக இருந்தார் என்கிறது புதிய ஏற்பாட்டிலுள்ள அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல். டெல்ஃபியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் பேரரசர் கிளாடியஸ் அதே கல்லியோனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதிலுள்ள பேரரசரின் பட்டங்களை வைத்துப் பார்த்தால் கல்லியோன் அங்கே இருந்தது 51, 52 வாக்கில் என்று வருகிறது.

இப்போது கலாத்தியர் கடிதத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுல் கோபத்தில் எழுதுகிறார். தன் போதனை எருசலேம் தலைவர்களிடம் கற்றது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்; அதை மறுக்க வேண்டும். அதனால் எருசலேமுக்குப் போன கதையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கிறார். மூன்று வருடம் கழித்துத்தான் போனேன், கேபாவோடு, அதாவது பேதுருவோடு, 15 நாள் தங்கினேன், வேறு அப்போஸ்தலர் யாரையும் பார்க்கவில்லை, ஆண்டவரின் சகோதரனாகிய யாக்கோபைத் தவிர. அடுத்த வரியிலேயே, நான் எழுதுவது பொய்யல்ல என்று கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார். அந்தச் சந்திப்பு நடந்ததைச் சொல்வதால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை, நஷ்டம்தான். எதிராளிகளுக்கும் தெரிந்த விஷயம் என்பதால் மறைக்க முடியவில்லை. "சகோதரன்" என்றால் சக விசுவாசி என்றுதான் பொருள் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், அப்போஸ்தலர்களையும் கேபாவையும் ஒரு பக்கம் வைத்து, ஆண்டவரின் சகோதரர்களை வேறொரு கூட்டமாகச் சொல்கிறார். கேபாவும் விசுவாசிதானே? அந்த வாதம் அங்கே நிற்காது. என்னைப் பொறுத்தவரை இயேசு வாழ்ந்தார் என்பதற்கு இந்த ஒரு பத்திதான் மிக வலுவான சான்று.

வெளியார் சான்று என்றால் ஜொசீபஸ். யூதர், ரோமரின் ஆதரவில் வாழ்ந்தவர், 93, 94 வாக்கில் யூதர்களின் வரலாற்றை 20 புத்தகங்களாக எழுதி முடித்தார். கடைசிப் புத்தகத்தில் 62ஆம் வருட நிகழ்ச்சி ஒன்று வருகிறது. ஆளுநர் பெஸ்து இறந்துபோகிறார், அடுத்த ஆளுநர் அல்பீனஸ் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் தலைமைக் குரு அனனுஸ் யூத நீதிச் சங்கத்தைக் கூட்டி, "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல ஒப்படைக்கிறார். நகரத்தின் நியாயவான்கள் முறையிடுகிறார்கள், அனனுஸின் பதவி பறிபோகிறது. ஜொசீபஸுக்கு இங்கே அக்கறை அனனுஸின் மேல்தான். இயேசுவின் பெயர், யாக்கோபு யார் என்று அடையாளம் காட்ட மட்டுமே வந்து போகிறது. இதை ஒரு கிறிஸ்தவர் பின்னால் செருகியிருந்தால் இவ்வளவு சாதாரணமாக விட்டிருப்பாரா என்பது சந்தேகம். 18ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி வரும் புகழ்பெற்ற பத்தி வேறு கதை. அதில் "இவரே கிறிஸ்து" என்பது போன்ற வரிகளை யூதரான ஜொசீபஸ் எழுதியிருக்க முடியாது. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜென், ஜொசீபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்கிறார். நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றை எழுதிய யூசிபியஸ் அந்தப் பத்தியை இன்றுள்ள வடிவில் மேற்கோள் காட்டுகிறார். பெரும்பாலோர் ஒரு சிறு மூலப் பத்தியில் பின்னாளில் கை வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள், சிலர் முழுதுமே இடைச்செருகல் என்கிறார்கள். அதன்மேல் நான் எந்தப் பாரமும் ஏற்ற மாட்டேன்.

ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் 116 வாக்கில், நீரோ காலத்துத் தீ விபத்தைச் சொல்லும்போது, கிறிஸ்து என்பவர் பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் யூதேயாவின் ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் தண்டிக்கப்பட்டார் என்று எழுதுகிறார். நல்ல சான்றுதான், ஆனால் அளவோடு பயன்படுத்த வேண்டும். பிலாத்துவை அவர் புரொக்யுரேட்டர் என்கிறார். 1961ல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டில் பிலாத்துவின் பதவி ப்ரிஃபெக்ட் என்று இருக்கிறது. டாசிடஸ் தன் காலத்துப் பதவிப் பெயரைப் போட்டிருக்கிறார். அரசு ஆவணத்தைப் பார்த்து எழுதினாரா, கிறிஸ்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினாரா என்று பிரிக்க வழியில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கலிலேயாவைச் சேர்ந்த இயேசு என்ற யூதர் வாழ்ந்தார், சீடர்களைச் சேர்த்தார், 26க்கும் 36க்கும் இடையில் பிலாத்து ஆண்டபோது சிலுவையில் அறையப்பட்டார், அவருக்குப் பின் பேதுருவும் யாக்கோபும் எருசலேமில் ஒரு குழுவை நடத்தினார்கள் என்பது வரை உறுதி. யோவான் ஸ்நானகனிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்றதையும் நான் இதோடு சேர்ப்பேன். காரணம், பின்னால் வந்தவர்களுக்கு அது சங்கடமாக இருந்திருக்கிறது. மாற்கு அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். மத்தேயுவில் யோவான், நானல்லவா உம்மிடம் பெற வேண்டும் என்று தடுக்கிறார். சங்கடம் தரும் செய்தியை யாரும் வேண்டுமென்றே கட்டிவிடுவதில்லை.

பிறப்புக் கதைகளுக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. மத்தேயுவின்படி இயேசு பிறந்தது யூதேயாவின் அரசன் ஏரோது காலத்தில்; ஏரோது கி.மு. 4ல் இறந்துவிட்டார். லூக்கா அதை ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்போடு, அதாவது மக்கள் கணக்கெடுப்போடு, இணைக்கிறார். அது நடந்தது கி.பி. 6ல். நடுவில் ஏறக்குறைய பத்து வருடம். இரண்டையும் சேர்த்துவைக்க எழுதப்பட்ட விளக்கங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன், ஒன்றும் திருப்தியாக இல்லை. இயேசு சொன்னவையாக வரும் வாக்கியங்களிலும் எச்சரிக்கை தேவை. அவர் பேசியது அரமேயம். நம்மிடம் இருப்பது கிரேக்கம். மாற்கு 70ஐ ஒட்டியும் மற்ற மூன்றும் அதன்பின் 20, 30 வருடங்களுக்குள்ளும் எழுதப்பட்டவை என்பது பெரும்பான்மைக் கருத்து. உவமைகளின் சாயல் அவருடையது என்று நம்பலாம், ஒவ்வொரு சொல்லுக்கும் உத்தரவாதம் தர முடியாது.

உயிர்த்தெழுதல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத் தொடாமல் மேலே போக முடியாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல், தானே பெற்றுக்கொண்டதை ஒப்படைப்பதாகச் சொல்லி ஒரு சிறு வாய்பாட்டைத் தருகிறார்: மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்குக் காட்சி தந்தார். எழுதியது 50களில் என்றால் அவர் பெற்றது அதற்கு முன்னால், பெரும்பாலும் 30களில். அவ்வளவு சீக்கிரமே, அவரைக் கண்டோம் என்று உறுதியாக நம்பியவர்கள் இருந்தார்கள். அதுவரை வரலாறு சொல்லும். அவர்கள் கண்டது என்ன என்பதற்கு வரலாற்று முறையிடம் அளவுகோல் கிடையாது. விசுவாசியும் நாத்திகரும் அங்கே தங்கள் வேறு காரணங்களோடுதான் பேச வேண்டும்.

சரி, பிளேட்டோவுக்கு வருவோம். பழைய அடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே விஷயம் பாதி தெளிந்துவிடும். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் எக்காளம் முழங்குகிறது, ஆண்டவர் வானத்திலிருந்து இறங்குகிறார், செத்தவர்கள் எழுகிறார்கள். அந்த நாளில் தானும் உயிரோடு இருப்போம் என்ற எதிர்பார்ப்போடு பவுல் பேசுகிறார். பிளேட்டோவைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு அந்நியமானது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே ஆன்மா உடலிலிருந்து விடுபடுவதுதான் விடுதலை. இங்கே உடல் எழுந்து நிற்கிறது.

இந்த நம்பிக்கையின் பிறப்பிடம் நமக்குத் தெரியும். கி.மு. 160களில் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோகஸ் யூதர்களை ஒடுக்கியபோது, யூதர்களின் வேதச் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கைவிடாமல் செத்தவர்களுக்கு நீதி எங்கே என்ற கேள்வி எழுந்தது. மண்ணின் தூளில் தூங்குகிறவர்களில் அநேகர் விழிப்பார்கள் என்று தானியேல் புத்தகத்தின் 12ஆம் அதிகாரம் பதில் சொல்கிறது. மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் ஒரு தாயும் ஏழு மகன்களும் வருகிறார்கள். மூன்றாவது மகன் வெட்டப்படப் போகும் தன் கைகளை நீட்டி, இவற்றை வானத்திலிருந்து பெற்றேன், திரும்பவும் அங்கிருந்தே பெறுவேன் என்கிறான். அதே கைகள் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அது. சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் கிடைத்த யூதச் சுருள்களில் ஒன்று, யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மேசியாவைப் பற்றிப் பேசும்போதே செத்தவர்கள் எழுப்பப்படுவதையும் ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுவதையும் குறிப்பிடுகிறது. இயேசுவின் சீடர்கள் மூச்சுவிட்ட காற்று இதுதான்.

இதற்குள்ளும் பொருந்தாத ஒன்று சிலுவை. தோற்று, அவமானப்பட்டுச் சாகும் மேசியாவை யாரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்கிறது நியாயப்பிரமாண நூல்களில் ஒன்றான உபாகமம். கலாத்தியர் கடிதத்தில் பவுலே அந்த வசனத்தோடு மல்லுக்கட்டுகிறார். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து "யூதருக்கு இடறலாயும் கிரேக்கருக்குப் பைத்தியமாயும்" இருக்கிறார் என்று அவரே எழுதியிருக்கிறார். ரோமில் பாலட்டைன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்தது. ஏறக்குறைய 200ஆம் வருடத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு உருவம், கீழே கையுயர்த்தி நிற்கும் ஒருவன், பக்கத்தில் "அலெக்சாமெனோஸ் கடவுளை வணங்குகிறான்" என்று பிழையான கிரேக்கம். பிளேட்டோ மரபில் வந்த செல்சஸ் 178 வாக்கில் கிறிஸ்தவர்களை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். உடல் உயிர்த்தெழும் என்பது புழுக்களுக்கு ஏற்ற நம்பிக்கை என்று அதில் இகழ்ந்தார். பிளேட்டோவிலிருந்து பிறந்த மதமாக இருந்தால் பிளேட்டோவின் வாரிசுக்கு அதன்மேல் ஏன் இவ்வளவு அருவருப்பு?

இதனால் கிறிஸ்தவத்தின் தொடக்கத்தில் கிரேக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. யூத உலகத்துக்குள்ளேயே கிரேக்கம் மூன்று நூற்றாண்டுகளாகப் புகுந்திருந்தது. எருசலேமில் முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஒரு கல்வெட்டு கிடைத்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள். வெட்டேனஸின் மகன் தெயோடோடஸ், குருவும் ஜெப ஆலயத் தலைவருமானவர், நியாயப்பிரமாணம் வாசிக்கவும் கட்டளைகளைக் கற்பிக்கவும் ஒரு ஜெப ஆலயத்தையும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்க அறைகளையும் தண்ணீர் வசதியையும் கட்டினார் என்கிறது. தாத்தாவும் இதே பொறுப்பில் இருந்தவராம். ஆலயம் நின்ற நகரத்தில், நியாயப்பிரமாணம் வாசிப்பதற்கான கட்டடத்தில், பத்து வரியும் கிரேக்கத்தில். பவுலின் உலகம் இதுதான். அவர் வேதத்தை மேற்கோள் காட்டுவதும் பெரும்பாலும் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்துதான். எந்த நிலையிலும் மனநிறைவாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பிலிப்பியருக்கு அவர் எழுதும்போது மனவுறுதியையும் தன்னிறைவையும் போற்றிய கிரேக்கத் தத்துவமான ஸ்டோயிக் தத்துவத்தின் வாடை அடிக்கிறது. ஆனால் ஸ்டோயிக் ஞானி தன் பலத்தில் நிற்கிறவன்; பவுல் இரண்டு வரி தள்ளி, என்னைப் பலப்படுத்துகிறவராலே என்று முடிக்கிறார். தத்துவப் பள்ளியில் உட்கார்ந்து படித்தவரைவிட, நகரச் சந்தையில் புழங்கிய பேச்சைக் காதில் வாங்கியவராகத்தான் அவர் எனக்குத் தெரிகிறார். இது என் கணிப்பு. அவரை ஸ்டோயிக்குகளுக்கு இன்னும் நெருக்கமாக வைக்கும் நல்ல ஆய்வாளர்கள் உண்டு.

யோவான் நற்செய்தியின் தொடக்கம்தான் உண்மையில் தீராத வழக்கு. "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்பதில் வார்த்தைக்குக் கிரேக்கச் சொல் லோகோஸ்; அறிவு என்றும் அதற்குப் பொருள் உண்டு. அதனால் அதைப் படித்ததும் கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளிட்டஸ், ஸ்டோயிக்குகள், அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவவாதி பிலோ என்று கோடு இழுப்பது வழக்கம். கடவுளுக்கும் உலகத்துக்கும் நடுவில் நிற்கும் தெய்வீக அறிவைப் பற்றி, இயேசுவின் சமகாலத்தவரான பிலோ நிறைய எழுதியிருக்கிறார். ஆனால் யோவானை எழுதியவர் பிலோவைப் படித்தார் என்று காட்ட எதுவும் இல்லை. நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்தில் ஞானம், உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுளோடு இருக்கிறது. சீராக்கின் ஞானநூலில் அது இஸ்ரவேலில் கூடாரமடித்துத் தங்குகிறது. யோவானில் வார்த்தை நம்மிடையே கூடாரமடித்தது என்ற அதே படிமம் வருகிறது. பிலோவும் யோவானும் ஒரே யூத ஞான மரபிலிருந்து தனித்தனியே எடுத்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வார்த்தை மாம்சமானது என்ற வரியைப் பிலோ ஒருநாளும் எழுதியிருக்க மாட்டார்.

பிளேட்டோ முன்வாசல் வழியாக வருவது அதற்குப் பிறகு, 150 வாக்கில், ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரோடு. ஸ்டோயிக், அரிஸ்டாட்டில் மரபினர், பித்தாகரஸ் மரபினர், பிளேட்டோ மரபினர் என்று ஒவ்வொரு ஆசிரியராகத் தேடிப்போய்க் கடைசியில் கிறிஸ்தவரானதாகத் தன் கதையைச் சொல்கிறார். அதன்பின்னும் தத்துவவாதியின் அங்கியைக் கழற்றவில்லை. அறிவின்படி வாழ்ந்த சாக்ரடீஸும் ஹெராக்ளிட்டஸும் கிறிஸ்துவுக்கு முன்பே கிறிஸ்தவர்கள் என்றார். அவருக்குப் பின் அலெக்சாந்திரியாவில் கிளெமென்ட், ஓரிஜென் என்ற கிறிஸ்தவ ஆசிரியர்கள். 325ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், குமாரனாகிய இயேசுவைப் பிதாவாகிய கடவுளோடு ஒரே சாராம்சம் உடையவர் என்றபோது, அந்தச் சொல் வேதத்தில் இல்லையே என்று பல ஆயர்கள் தயங்கினார்கள். பிறந்துவிட்ட ஒரு நம்பிக்கையைப் படித்தவர்களின் மொழியில் விளக்க எடுத்த கருவிகள் இவை. விளக்கும்போது நம்பிக்கையும் மாறியது என்பதை நான் மறுக்கவில்லை; துன்பப்பட முடியாத கடவுள் என்ற கிரேக்கக் கருத்து, சிலுவையை மையமாகக் கொண்ட மதத்தை நூற்றாண்டுக் கணக்கில் படாதபாடு படுத்தியது.

கான்ஸ்டன்டைன் அந்தச் சங்கத்தைக் கூட்டியது உண்மை. இயேசுவைக் கடவுளாக்கியது அவர் இல்லை. 112 வாக்கிலேயே, இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவை ஒரு கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் ட்ராஜனுக்குக் கடிதம் எழுதிவிட்டார். எந்த நூல்கள் வேதம் என்று நிசேயா முடிவு செய்ததாகச் சொல்வதும் தவறு. இன்றைய 27 நூல்களும் அப்படியே வரும் பழைய பட்டியல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அதனாசியஸ் 367ல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

மித்ரா விஷயத்தில் காணொளி சொல்வது பெரும்பாலும் காற்றில் கட்டியது. ரோம மித்ரா வழிபாட்டுக்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகள் முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்குகின்றன, பவுல் எழுதி முடித்துப் பல வருடங்கள் கழித்து. சிற்பங்களில் மித்ரா பாறையிலிருந்து பிறக்கிறார்; கன்னித்தாய் கிடையாது. டிசம்பர் 25 அவர் பிறந்தநாள் என்பதற்குப் பழைய சான்று இல்லை. 354ஆம் வருட ரோம நாட்காட்டியில் அது வெல்லப்படாத சூரியனின் நாள். இப்படிப்பட்ட பட்டியல்களில் வரும் எகிப்தியத் தெய்வம் ஹோரஸ் சிலுவையில் அறையப்பட்டதாக எந்த எகிப்திய மூலமும் சொல்வதில்லை. நிஜமான ஒப்புமை வேண்டுமென்றால் பேரரசர் வழிபாட்டைப் பார்க்க வேண்டும். தெய்வமாக்கப்பட்ட சீசரின் மகன் என்று அகஸ்டஸ் தன் நாணயங்களில் பொறித்துக்கொண்டார். தேவகுமாரன் என்ற பட்டத்தை அந்த நாணயம் புழங்கிய ஊர்களில் கேட்டவர்களுக்கு அதில் அரசியலும் கேட்டிருக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், புதிய ஏற்பாட்டை அச்சிட்ட வரிசையில் படிக்காமல் எழுதப்பட்ட வரிசையில் படியுங்கள். தெசலோனிக்கேயருக்கு முதல் கடிதம், பிறகு கலாத்தியர், கொரிந்தியருக்கு முதல் கடிதம், அப்புறம் மாற்கு, அதன்பின் யோவான். அது முடிந்ததும் ஜஸ்டினின் முதல் மன்றாட்டு நூல். எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் படித்துவிடக்கூடிய அளவுதான். மாற்குவை ஒரே மூச்சில் படித்துவிட்டு உடனே யோவானைத் திறப்பது நல்லது; நடுவில் நாள்களை விட்டால் இரண்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவாகத் தெரியாது.